கேளுங்க அண்ணாச்சி: பட்டன் புரோகிராமுக்கு ஒரு ஆப்ஷன் சேக்கணும்

இந்தத் தடவ பட்டன் கேள்வியாவே வந்து குமிஞ்சிருக்கு. ஸ்கூல் பெல்லு, கடை கவுண்டர், மோட்டார் ரூமுன்னு நம்ம பக்கத்துல ஆளாளுக்கு ஒரு ராஸ்பெர்ரி பைங்குத குட்டிக் கம்ப்யூட்டர வாங்கி (சுருக்கமா பைன்னு சொல்லுவோம்) அதுல ஒரு பட்டனையும் மாட்டி வச்சிருக்கீய, நல்ல விசயந்தான். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுதேன், இந்தப் பகுதியில கமாண்டு, ஃபங்ஷன் பேரு எல்லாமே தமிழ் எழுத்துலதான் அச்சாகும், அடிக்கும்போது நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கிடுங்க. ஒத்தக் கோடுன்னா ஒரு ஹைஃபன், ரெட்டக் கோடுன்னா ரெண்டு.

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். எங்க வீட்டுல அப்பளத் தொழில். பேக்கிங் மேசையில ஒரு பட்டன் இருக்கு, ஒரு கட்டு முடிச்சதும் ஒரு அமுக்கு, பை எண்ணிக்கிடும், சாயங்காலம் அந்தக் கணக்கப் பாத்துத்தான் கூலி. புரோகிராம் எங்க அண்ணன் மவன் பைத்தான்ல ஜிபிஐஓ ஜீரோங்குத லைப்ரரி வச்சு எழுதுனது, இப்ப அவன் பெங்களூருல வேலைக்குப் போயிட்டான். போன மாசம் பின்கட்டுல ரெண்டாவது மேசை போட்டு, அங்க வீட்டுல கெடந்த பழைய காலிங் பெல் பட்டன மாட்டுனோம், அது ஒரு அமுக்குக்கு ரெண்டு மூணுன்னு எண்ணுது. புரோகிராமுல 0.05ன்னு ஒரு எடத்துல இருக்கு, அத 0.2ன்னு மாத்துனா பின்கட்டு மேசை சரியா வருது. ஆனா அதே ஃபைல முன்மேசையில போட்டா, ரெண்டு கட்ட ஒண்ணா முடிச்சிட்டு டக்குடக்குன்னு ரெண்டு அமுக்கு அமுக்குத அக்காமாருக்கு ஒண்ணு கொறஞ்சு போவுது, சண்டைதான். இப்ப ரெண்டு ஃபைலு வச்சு ஓட்டுதோம், எஸ்டி கார்டு போச்சுன்னா எத எடுத்துப் போடன்னு ஒரே கொழப்பம். கமாண்ட் லைன்ல நம்பரக் கொடுக்குத மாதிரி பண்ணலாம், கொடுக்காட்டா பழையபடி ஓடும்னு அவன் போன்ல சொன்னான். அத எப்படிச் சேக்கணும்? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

பதில்: மவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். அதுலயும் "கொடுக்காட்டா பழையபடி ஓடும்"னு சொன்னாம்லா, மொத்த வேலையில அதுதான் முக்கியம், மத்ததெல்லாம் நாலு வரி டைப்பிங்.

முதல்ல ஒரு அமுக்கு ஏன் மூணாவுதுன்னு பாத்துருவோம். பட்டனுக்குள்ள இருக்குத ரெண்டு தகடும் ஒரேயடியா ஒட்டாது, எவர்சில்வர் டம்ளர் தரையில விழுந்தா நிக்கதுக்கு முன்ன நாலு குதி குதிக்கும்லா, அதே மாதிரி ஒட்டி விலகி ஒட்டி விலகித்தான் நிக்கும். நம்ம விரலுக்கு அது ஒரு அமுக்கு, பைக்கு நாலஞ்சு அமுக்கு. இதத்தான் பவுன்ஸுங்காங்க, அத வடிகட்டுறதுக்குப் பேரு டிபவுன்ஸ். அமெரிக்காவுல ஜாக் கான்ஸல்னு ஒரு எம்பெடட் இன்ஜினியர் 18 விதமான சுவிட்ச எடுத்து ஒவ்வொண்ணையும் 300 தடவ அமுக்கி அளந்து பாத்தாரு, ரொம்ப மோசமான ரெண்ட தள்ளிட்டுப் பாத்தா சராசரி 1.6 மில்லி செகண்டு, அதிகபட்சம் 6.2 மில்லி செகண்டுதான் ஆட்டம். அப்போ புதுப் பட்டனுக்கு உங்க 0.05 செகண்டு, அதாவது 50 மில்லி செகண்டுங்கதே தாராளம். உங்க காலிங் பெல் பட்டன் அந்தத் தள்ளி வச்ச சாதியா இருக்கும், ஸ்பிரிங் தளந்து தகடு கறுத்துப் போயிருக்கும், அதான் 50லயும் அடங்க மாட்டேங்கு.

ஆனா 200ங்கத எப்படிப் பிடிச்சீய, குத்துமதிப்பாத்தான இருக்கும்? ஆப்ஷன் எழுதுததுக்கு முன்ன பின்கட்டு பட்டன ஒரு தடவ அளந்து பாத்துருங்க. ஜிபிஐஓமானுன்னு ஒரு கமாண்டு இருக்கு, லிப்ஜிபிஐஓடியோட சேந்தது, ஜிபிஐஓடிங்குத பேக்கேஜ்ல வரும், ஒரு பின்னச் (பட்டன் வயரு மாட்டியிருக்குத ஊசி) சொல்லிட்டா அதுல நடக்குத ஒவ்வொரு ஏத்த எறக்கத்தையும் டைமோட ஒரு வரியா அச்சடிக்கும். உங்க புரோகிராம் ஓடிக்கிட்டு இருந்தா பின் பிஸின்னு சொல்லிரும், அதனால அதத் தானா ஓட்டுத சர்வீஸ நிறுத்திட்டுப் போடுங்க. பட்டன ஒரே ஒரு தடவ அமுக்குங்க, திரையில ஏழெட்டு வரி ஒண்ணா வந்து விழும், டைமப் பாத்தா வரிக்கு வரி ஒரு மில்லி செகண்டு கூட இருக்காது. அந்தக் கூட்டத்தோட முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் எவ்வளவு தூரமோ அதுதான் உங்க பட்டனோட ஆட்டம். கைய எடுக்கும்போதும் ஆடும், அதையும் பாருங்க, பழைய பட்டன் எடுக்கும்போதுதான் கூட ஆடும். கொஞ்சம் நெறைய தடவ அமுக்கி, வந்ததுல பெருசு எதுவோ அதுக்கு ரெண்டு மடங்கு வச்சா போதும். 80லயே தீந்துருச்சுன்னா 200 எதுக்கு, பின்கட்டுலயும் டக்குடக்குன்னு அமுக்குத ஆளு வராமலா போவாங்க.

இப்ப ஆப்ஷனுக்கு வருவோம். பைத்தானுக்குள்ளயே ஆர்க்பார்ஸ்னு ஒரு மாட்யூல் இருக்கு, 2.7லயும் 3.2லயும் உள்ள வந்தது, தனியா ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஃபைலோட தலையில அத இம்போர்ட் பண்ணி ஒரு ஆர்கியூமென்ட் பார்சர் உண்டாக்குங்க, அதுல ஆட் ஆர்கியூமென்ட் போட்டு நாலு விசயம் சொல்லணும்: ஆப்ஷன் பேரு, டைப்பு, டிஃபால்ட்டு, ஹெல்ப்புல காட்டுத ஒரு வரி.

பேரு விசயத்துல சும்மா டிபவுன்ஸ்னு மட்டும் வைக்காதீங்க, ரெட்டக் கோடு டிபவுன்ஸ் ஒத்தக் கோடு எம்எஸ்னு அளவையும் சேத்து வையுங்க. ஏன் சொல்லுதேன்னா, ஜிபிஐஓ ஜீரோவுல பவுன்ஸ் டைம் செகண்டுல கொடுக்கணும், பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ லைப்ரரியில அதே சமாச்சாரம் மில்லி செகண்டுல கொடுக்கணும். பின்கட்டு பையில யாராவது நெட்டுல பாத்துட்டு 200ன்னு அடிச்சு, நீங்க அத அப்படியே ஜிபிஐஓ ஜீரோவுக்குத் தள்ளிட்டீயன்னா அது 200 செகண்டு. ஒரு அமுக்கு அமுக்குனா மூணு நிமிஷம் இருபது செகண்டுக்குப் பட்டன் செத்துக் கெடக்கும், எரர் வராமலும் போகலாம், வயரு போச்சுன்னு நெனச்சு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டுருவீய. அதனால ஆள் அடிக்கிறது மில்லி செகண்டு, உள்ள பட்டனுக்குக் கொடுக்குத எடத்துல ஒரே ஒரு தடவ 1000ஆல வகுத்துக்கிடுங்க. பேருல நடுவுல வார ஹைஃபன் பைத்தானுக்குள்ள அண்டர்ஸ்கோரா மாறி நிக்கும், அதத் தேடிக்கிட்டு நிக்காதீங்க.

டிஃபால்ட்டு 50. இதுல பேச்சே கெடையாது. "பெரும்பாலும் 100 நல்லாருக்குமே, கையோட அதையும் மாத்திருவோம்"னு ஒரு ஆசை வரும், வேண்டாம். முன்மேசையில இருக்குத பைக்கு இப்படி ஒரு ஆப்ஷன் வந்ததே தெரியக் கூடாது, அது வழக்கம் போல கரண்டு வந்ததும் எந்திரிச்சு வழக்கம் போல எண்ணணும். புது ஃபைல அதுல போட்டுட்டு அக்காமாருகிட்ட ஒரு வார்த்தையும் சொல்லாம ஒரு நாள் ஓட விடுங்க, யாரும் ஒண்ணும் கேக்கலன்னா சேத்தது சரி. பழைய 0.05 எங்கன இருந்துச்சோ அத எடுத்துருங்க, ரெண்டு எடத்துலயும் இருந்துச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் ஒண்ண மாத்துவான், இன்னொருத்தன் இன்னொண்ண மாத்துவான்.

டைப்புன்னு சொன்ன எடத்துல வெறும இன்ட்னு போட்டாலே "அம்பது"ன்னு எழுத்துல அடிக்கிறவன தடுத்துரும். ஆனா மைனஸ் 5ன்னு அடிச்சா வாங்கிக்கிடும், 50000ன்னாலும் வாங்கிக்கிடும். அதனால இன்ட்டுக்குப் பதிலா நீங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி அதக் கொடுங்க: வந்தத இன்ட்டா மாத்து, 0க்கும் 1000க்கும் நடுவுல இருந்தா திருப்பிக் கொடு, இல்லன்னா ஆர்கியூமென்ட் டைப் எரர வீசு. மத்தத ஆர்க்பார்ஸே பாத்துக்கிடும், எந்த ஆப்ஷன்ல தப்புன்னு ஒரு வரி சொல்லிட்டு எக்சிட் கோடு 2ஓட வெளிய வந்துரும். 0ன்னா வடிகட்டவே வேண்டாம்னு அர்த்தம் வச்சுக்கிடுங்க, ஆனா அந்த 0வ அப்படியே தள்ளாம பைத்தானோட நன் (ஒண்ணும் இல்லங்குத வேல்யூ) ஆக்கித் தள்ளுங்க, ஜிபிஐஓ ஜீரோவுல வடிகட்டாதேன்னு சொல்லுத பாஷை அதுதான்.

இன்னொண்ணு, எல்லாத்துக்கும் முன்னால இந்த ஆப்ஷன் படிக்கிற வேலை நடக்கணும், பட்டன் ஆப்ஜெக்ட் உண்டாக்குதது அதுக்குப் பெறவுதான். நெறைய பேரு பட்டன ஃபைலோட மேலயே உண்டாக்கி வச்சிருப்பாங்க, உங்க மவனும் அப்படித்தான் எழுதியிருப்பான்னு நெனைக்கேன். அப்போ ரெட்டக் கோடு ஹெல்ப்னு அடிச்சா கூட அது முதல்ல போயி பின்னத் தொடும், பின்னு இல்லாத லேப்டாப்புல அடிச்சா ஹெல்ப்புக்குப் பதிலா பின் ஃபேக்டரி இல்லன்னு நீளமா ஒரு எரர் கக்கும். பட்டன் உண்டாக்குதத மெயின் ஃபங்ஷனுக்குள்ள எறக்கிட்டா, பெங்களூருல உக்காந்துக்கிட்டே அவன் ஹெல்ப்பையும் தப்பு நம்பரையும் போட்டு டெஸ்ட் பண்ணிக்கிடலாம்.

கடைசியா சர்வீஸ் ஃபைலு. கரண்டு வந்ததும் தானா ஓடுதுன்னா சிஸ்டம்டி சர்வீஸாத்தான் இருக்கும். முன்மேசையில அதத் தொடவே வேண்டாம். பின்கட்டுல சிஸ்டம் சிடிஎல் எடிட்னு போட்டு சர்வீஸ் பேரக் கொடுத்தா மேல ஒட்டிக்கிடுத மாதிரி ஒரு குட்டி ஃபைலத் தெறக்கும், அதுல சர்வீஸ்ங்கத் தலைப்புக்குக் கீழ எக்செக்ஸ்டார்ட் ஈக்வல்னு வெறுமனே ஒரு வரி, அடுத்த வரியில முழு கமாண்டும் ஆப்ஷனோட சேத்து. அந்த வெறும் வரி எதுக்குன்னா பழச அழிக்கிறதுக்கு, அது இல்லன்னா ரெண்டு எக்செக்ஸ்டார்ட் இருக்குன்னு சர்வீஸ் எந்திரிக்காது. பெறவு ஒரு ரீஸ்டார்ட். சர்வீஸ்ல ரீஸ்டார்ட் ஆல்வேஸ்னு இருந்து, நீங்க நம்பரத் தப்பா அடிச்சிருந்தீயன்னா, அது விழுந்து எந்திரிச்சு விழுந்து எந்திரிச்சு, பத்து செகண்டுக்குள்ள அஞ்சு தடவ ஆனதும் சிஸ்டம்டி கைய விட்டுரும், ஃபெயில்டுன்னு காட்டும். பயந்துராதீங்க, ஜேர்னல் சிடிஎல்லுல பாத்தா ஆர்க்பார்ஸ் சொன்ன அந்த ஒரு வரி அங்கன இருக்கும். புரோகிராம் எந்திரிச்சதும் முதல் வேலையா "டிபவுன்ஸ் 80, பின் 17"ன்னு ஒரு வரி அச்சடிக்க வையுங்க, எந்த மேசையில எது ஓடுதுன்னு கூலி கணக்கு நேரத்துல சண்ட வந்தா அந்த வரியக் காட்டிரலாம்.

எஸ்டி கார்டு போனா அந்தக் குட்டி ஃபைலும் சேந்துதான் போகும், அதனால பின்கட்டு நம்பர மட்டும் மேசைக்கு அடியில ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருங்க. பழைய காலிங் பெல் பட்டன்தான் வேணும்னு கட்டாயம் இல்லன்னா வண்ணார்பேட்டை பக்கமோ ஜங்ஷன் பக்கமோ ஒரு நல்ல புஷ் பட்டன் வாங்கிப் போட்டாலும் தீந்துரும், ஆனா ஆப்ஷன் எழுதி வச்சது வீண் போவாது, மூணாவது மேசை போடாமலா இருக்கப் போறீய.

கேள்வி: நானும் எங்க புராஜெக்ட்ல பட்டன் மானிட்டர் புரோகிராமுக்கு டிபவுன்ஸ் ஆப்ஷன் சேத்தேன் சார். நான் டெஸ்ட் பண்ணப்போ எல்லாம் ஓடுச்சு. ஆனா லேப்ல இருக்குத பையில ராத்திரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுதது) ஓடுற வரி மட்டும் ஆம்பிகுவஸ் ஆப்ஷன்னு சொல்லி நின்னுருச்சு. அந்த வரியில டிபவுன்ஸ்னே இல்ல, ரெட்டக் கோடு டெப்னுதான் இருக்கு. (பாளையங்கோட்டை மாணவர்)

பதில்: உங்க புரோகிராமுல முன்னமே டிபக்னு ஒரு ஆப்ஷன் இருந்திருக்கு, சரியா? ஆர்க்பார்ஸ் பேர முழுசா அடிக்கணும்னு கட்டாயப்படுத்தாது, வேற எதோடயும் கொழம்பாதுன்னா முதல் ரெண்டு மூணு எழுத்தே போதும்னு விட்டுரும். உங்களுக்கு முன்ன இருந்த பேட்சு பையன் எவனோ சோம்பேறித்தனமா டெப்னு போட்டு வச்சிருக்கான், இத்தன நாளும் அது டிபக்குன்னு எடுத்துக்கிட்டு ஓடுச்சு. நீங்க டிபவுன்ஸக் கொண்டுவந்ததும் இங்கிலீஷ் எழுத்துல ரெண்டுக்கும் தொடக்கம் ஒண்ணாப் போச்சு, எதச் சொல்லுதேன்னு அது கேக்கு.

ஆப்ஷனாத்தான சேத்தோம், பழசு எப்படிக் கெடும்னு நெனைக்கது தப்பில்ல, ஆனா இது ஒரு வழியில கெடும். கிரான் வரியில டிபக்னு முழுசா எழுதுங்க. பெறவு பார்சர் உண்டாக்கும்போது அலவ் அப்ரிவ்னு ஒண்ணு இருக்கு, பைத்தான் 3.5ல வந்தது, அத ஃபால்ஸ்னு போட்டுட்டா இனிமே யாரும் சுருக்கி அடிக்க முடியாது. இந்த வரிசையிலேயே பண்ணுங்க, முதல்லயே அத ஃபால்ஸ் ஆக்கிட்டா வேற எங்கெல்லாம் சுருக்கி எழுதி வச்சிருக்காங்களோ அதெல்லாம் ஒரே ராத்திரியில நிக்கும். புதுப் பேரு வைக்கதுக்கு முன்ன இருக்குத பேரோட முதல் எழுத்தெல்லாம் ஒரு பார்வ பாத்துக்கிட்டா நல்லது.

கேள்வி: சி லாங்குவேஜ்ல கெட் ஆப்ட் வச்சு எழுதியிருக்கேன் அண்ணே. டி ஆப்ஷனுக்கு நம்பர் கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் ஓடணும்னு டி எழுத்துக்குப் பொறத்தால ரெண்டு கோலன் போட்டேன். ஒத்தக் கோடு டி, எடவெளி, 200ன்னு அடிச்சா 200ஐ கண்டுக்கவே மாட்டேங்குது. (பேட்டை ஐடிஐ மாணவர்)

பதில்: ரெண்டு கோலன்னா குனூ கணக்குல வேல்யூ இருந்தாலும் இருக்கலாம் இல்லாட்டாலும் போகலாம்னு அர்த்தம், ஆனா இருந்தா ஒட்டித்தான் இருக்கணும், டி200ன்னு. எடவெளி விட்டா அந்த 200 வேற ஏதோ ஒண்ணுன்னு ஓரமாத் தள்ளிட்டு ஆப்ட் ஆர்க்க நல் ஆக்கிரும். நீள ஆப்ஷனா வச்சாலும் இதே கதைதான், நடுவுல ஈக்வல் போட்டாத்தான் எடுக்கும்.

நீங்க கொழப்பிக்கிட்டது எங்கன்னா, ஆப்ஷன் விருப்பப்பட்டா கொடுக்கதுங்கதும் அதோட வேல்யூ விருப்பப்பட்டா கொடுக்கதுங்கதும் வேற வேற. ஒங்களுக்கு வேண்டியது முதல்ல சொன்னதுதான். கெட் ஆப்ட்ல எல்லா ஆப்ஷனும் விருப்பந்தான், கொடுக்காட்டா அது கேக்கவே கேக்காது. அதனால ஒரே ஒரு கோலன் போடுங்க, லூப்புக்கு முன்னாலயே வேரியபிள்ல 50ன்னு வச்சுருங்க, கொடுத்தா மாறும், கொடுக்காட்டா அப்படியே நிக்கும். அப்புறம் அனுப்புன கோடுல ஏடிஓஐ போட்டு நம்பராக்கியிருக்கீங்க. "ஏபிசி"ன்னு அடிச்சாலும் அது 0ன்னு கொடுத்துட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கும், 0ன்னு அடிச்சாலும் 0. ஸ்டிரிங் டு லாங் ஃபங்ஷன எடுத்துக்கிடுங்க, எண்ட் பாயிண்டர் எங்க போயி நின்னுச்சுன்னு பாருங்க, ஆரம்பிச்ச எடத்துலயே நின்னா நம்பரே இல்ல, கடைசி எழுத்தையும் தாண்டாம நின்னா நம்பரோட குப்ப ஒட்டியிருக்கு.

கேள்வி: ஸ்கூல் க்விஸ்ஸுக்கு நாலு பட்டன் வச்சு பஸ்ஸர் செஞ்சோம். பீப் சத்தம் வேணுமா வேண்டாமான்னு ஒரு ஆப்ஷன், டைப்பு பூல். பீப் ஃபால்ஸ்னு கொடுத்தாலும் கத்துது. ஹெச்எம் ரூம் பக்கத்துலயே இருக்கு. (தென்காசி ஆசிரியை)

பதில்: டீச்சர், பைத்தான்ல பூல் ஃபங்ஷன் எழுத்தப் படிச்சு அர்த்தம் பண்ணாது, காலியா இல்லையான்னு மட்டுந்தான் பாக்கும். ஃபால்ஸ்ங்கது அஞ்செழுத்து உள்ள ஸ்ட்ரிங், காலி இல்ல, அப்போ ட்ரூ. டைப்ப எடுத்துட்டு ஆக்‌ஷன்னு போட்டு ஸ்டோர் ட்ரூன்னு கொடுங்க. இப்ப சத்தம் போடுறதுதான் வழக்கம்னா ஆப்ஷன் பேர நோ பீப்னு வச்சுருங்க, ஒண்ணும் கொடுக்காட்டா கத்தும், நோ பீப்னு அடிச்சா வாய மூடும், ஃபால்ஸு ட்ரூன்னு எதையும் அடிக்க வேண்டியதே இல்ல.

கேள்வி: பின் நம்பரயும் கமாண்ட் லைன்ல கொடுக்குத மாதிரி மாத்துனேன். போர்டுல எண்ணிப் பாத்து 11ன்னு கொடுத்தேன், பட்டன் வேலை செய்யல. புரோகிராமுல பழையபடி 17ன்னு எழுதுனா அதே வயருல வேலை செய்யுது. பை கெட்டுப் போச்சா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: பை நல்லாத்தான் இருக்கு. போர்டுல வரிசையா எண்ணுனா 11வது ஊசி, சிப்பு பாஷையில அதுக்குப் பேரு ஜிபிஐஓ 17. ஜிபிஐஓ ஜீரோவுல சும்மா நம்பர் கொடுத்தா சிப்பு நம்பராத்தான் எடுத்துக்கிடும், நீங்க கொடுத்த 11 போர்டுல 23வது ஊசியில போயி உக்காந்து காத்துக்கிட்டு இருக்கு.

ஆப்ஷன இன்ட்னு வாங்காம ஸ்ட்ரிங்காவே வாங்குங்க, முழுக்க நம்பரா இருந்தா இன்ட்டா மாத்திக்கிடுங்க, இல்லன்னா அப்படியே பட்டனுக்குக் கொடுங்க, போர்டு11ன்னு ஒட்டி எழுதுனாலும் ஜிபிஐஓ17ன்னு எழுதுனாலும் லைப்ரரிக்குப் புரியும். எண்ணிப் பாத்து மாட்டுத ஆளு போர்டுன்னு போட்டுக்கிடட்டும். ஹெல்ப் வரியில ரெண்டுல எதுன்னு கட்டாயம் எழுதுங்க. அப்புறம் எந்தப் பின்ன வேணாலும் கொடுக்கலாம்னு தெறந்து விட்டதும் ஒருத்தன் 2ஐயோ 3ஐயோ கொடுப்பான், ஜிபிஐஓ 2லயும் 3லயும் போர்டுலயே 1.8 கிலோ ஓம்ஸ் புல் அப் ரெசிஸ்டர் (பின்ன 3.3 வோல்ட்டுப் பக்கம் இழுத்து வைக்கது) சோல்டர் பண்ணி இருக்கு, அதுல புல் டவுன் (கிரவுண்டுப் பக்கம் இழுக்கது) கேட்டா லைப்ரரி முடியாதுன்னுரும். ஆனா ஷட் டவுன் பட்டன் வைக்கணும்னா 3 தான் தோது, பை 4 வரைக்கும் நிறுத்தி வச்ச பைய அதே பட்டன அமுக்கி எழுப்பிரலாம்.

கேள்வி: பை 5 வாங்குனேன், பழைய பட்டன் புரோகிராம் ஓடல, ஆர்பிஐ ஜிபிஐஓ இம்போர்ட்ல வச்சே எரர். (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: 5ல பின்னெல்லாம் ஆர்பி1னு தனிச் சிப்பு வழியாப் போவுது, அந்தப் பழைய லைப்ரரி மெயின் சிப்புல நேரா கை வைக்கிறது, அங்க இப்ப ஒண்ணும் இல்ல. புதுசா எழுதுததுன்னா ஜிபிஐஓ ஜீரோவுக்கு மாறிருங்க, கோடத் தொட மனசில்லன்னா பழசக் கழத்திட்டு ஆர்பிஐ எல்ஜிபிஐஓன்னு அதே பேருல நடிக்கிற லைப்ரரி இருக்கு, அதப் போடுங்க.

கேள்வி: தோட்டத்துல மோட்டார் ரூம்ல ஒரு பட்டன், அங்கருந்து வீட்டுல இருக்குத பைக்கு அறுவது எழுவது அடி வயரு. யாரும் தொடாமலே மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பட்டன் அமுக்குனதா எண்ணுது. டிபவுன்ஸ் ஆப்ஷன் சேத்து 50, 100, 300ன்னு போட்டுப் பாத்துட்டேன், 500 போட்டா கொறையுது, ஆனா நெசமா அமுக்குததும் சில நேரம் விட்டுப் போவுது. இன்னும் ஏத்தலாமா? கனெக்‌ஷன் போட்டோவும் வச்சிருக்கேன். (நாங்குநேரி வாசகர்)

பதில்: ஏத்தாதீங்க. ஆப்ஷன் சேத்தது தப்பில்ல, ஆனா இது பட்டன் ஆடுறது இல்ல, ஸ்டார்ட்டர்ல காண்டாக்டர் அடிக்கும்போது வார இரைச்சல். அம்புட்டு நீள வயரு ஏரியல் மாதிரி அத வாங்கிக்கிட்டு பைக்குக் கொண்டாந்து கொடுக்கு. பைக்குள்ள இருக்குத புல் அப் சுமாரா 50 கிலோ ஓம்ஸ், அது மேசை மேல இருக்குத பட்டனுக்குச் சரி, தோட்டம் வரைக்கும் போற வயரப் பிடிச்சு நிறுத்த அதுக்குத் தெம்பு பத்தாது.

பை பக்கத்துலயே 3.3 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் நடுவுல வெளிய இருந்து ஒரு 4.7 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க, ரெண்டும் சேந்து சுமாரா 5 மில்லி செகண்டுக்கு உள்ளாற வார ஊசி ஊசியான இரைச்சல விழுங்கிரும். வயர மோட்டார் கேபிளோட ஒரே பைப்புல விடாதீங்க, முறுக்குன ஜோடி வயரா இருந்தா இன்னும் நல்லது. இதுக்கும் அடங்கலன்னா பிசி 817ன்னு ஒரு ஆப்டோ கப்ளர், சல்லிசுதான், அத நடுவுல வச்சு தோட்டத்து வயரயும் பையையும் ஒட்டாமப் பிரிச்சுருங்க, ஐப்பசியில இடி எறங்குத ஊருக்கு எப்படியும் அது வேணும். இதெல்லாம் முடிச்ச பெறவு ஆப்ஷன எடுத்துட்டு ஓட விட்டுப் பாருங்க, டிஃபால்ட்டுலயே நிக்கும்னு நெனைக்கேன், நிக்கலன்னா ஜிபிஐஓமான் போட்டு மோட்டார ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அது அச்சடிக்கிற வரிகள அனுப்புங்க, பாப்போம்.

ஆனா இதுக்கெல்லாம் முன்ன, போட்டோவுல செவப்பு வயரு ரெண்டாம் நம்பர் ஊசியில இருந்து பொறப்பட்டு ரெசிஸ்டர் வழியா பட்டன் பின்னுக்குப் போவுது. அது 5 வோல்ட்டு. பை பின்னு 3.3க்கு மேல தாங்காது. இத வாசிச்சதும் மொதல்ல கரண்ட நிறுத்திட்டு அதக் கழத்தி ஒண்ணாம் நம்பர் ஊசிக்கு மாத்திருங்க.